குரங்கு வண்டியும் கறை படிந்த கையும்

கைவிடப்பட்டதை மீட்டுப் பேணும் பண்புக்குச் சான்று வேண்டுவோர் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும். கருங்கல் உடைத்தெடுத்து முடிந்தபின் வெறும் பள்ளமாய்க் கிடந்த குவாரி ஒன்றை மண்ணிட்டு நிரப்பி, அதன்மேல் சாலை போட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் எண்ணியிருந்தது. பின்னர், பள்ளத்தில் தேங்கிய நீரும் அதனின்று எழுந்து நின்ற பாறையும் சீன நாட்டுக் குய்லின் நிலக்காட்சியை ஒத்திருக்கக் கண்டு, எண்ணத்தை மாற்றிக்கொண்டு அதனைப் பூங்காவாக்கியது. குன்றின் மறுபக்கம், அப்பர் புக்கிட் தீமா சாலையில், 1941-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலை நிற்கிறது. மோட்டார் வண்டியின் உறுப்புகளை ஒன்றுசேர்ப்பதற்கென எழுந்த கூடம் அது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரித்தானியர் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அக்கூடத்திலேதான். 2006-இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று.

குழிக்கும் கூடத்துக்கும் இத்துணை மதிப்பு அளித்த அதே வட்டாரத்தில், அடுக்குமாடி வீடு ஒன்றில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், மாமன் விட்டுச் சென்ற பழைய சிறு மோட்டார் சைக்கிளின் உறுப்புகளைச் செய்தித்தாளின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால், அவன் காதில் விழும் சொல் யாது? "படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு? மெக்கானிக் ஆகப் போகிறாயா?"

அவ்வாக்கியத்தில் வினாக்குறி மட்டுமே வினா, எஞ்சியது இகழ்ச்சி. தாய் தந்தையர் வாயிலிருந்து வந்தால் அதனைப் பிள்ளைமேல் கொண்ட அச்சம் என்று பொறுத்துக்கொள்ளலாம். தமிழாசிரியர் வாயிலிருந்தும் அது வருகிறதே என்பதுதான் வருந்தத்தக்கது. இலக்கணப் பிழை செய்த மாணவனிடம், "நீ பட்டறைக்குத்தான் லாயக்கு" என்று சொல்லும் ஆசிரியர் இன்னும் அறவே மறைந்துவிடவில்லை. 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் அமைக்கப்பட்டபோது, அதன் ஆங்கில முதலெழுத்துகளுக்கு 'இதுவே முடிவு' என்று பொருள் கற்பித்து நகையாடினர் பலர். கழகம் அந்நகையாடலைக் கடந்து வளர்ந்துவிட்டது. நகையாடியோரின் மனம் அந்த அளவுக்கு வளர்ந்ததா என்பது ஐயமே.

பழைய சிறு வண்டி ஒன்றைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் ஓடச் செய்யும் பணி உயர்ந்த கல்வி. அதனைத் தமிழில் பேசியும் எழுதியும் செய்வது தமிழ்க்கல்வியாகவும் ஆகும். இதனை மறுப்போர் கூறும் தடைகளில் ஒன்றிரண்டு மெய்யானவை. அவற்றுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். எஞ்சியவை கையில் எண்ணெய்க்கறை படிவதைச் சாதிக்குறைவாக எண்ணிய பழங்காலத்தின் எச்சங்கள்.

வண்டி எத்தகையது என்பதை முதலில் அறிதல் நன்று. சிறு மோட்டார் சைக்கிள்களுள் பெயர்பெற்றது ஹோண்டா நிறுவனத்தின் 'மங்கி'. 1961-இல் தோக்கியோவின் புறநகரில் அந்நிறுவனம் நடத்திய தாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கென இசட் 100 என்னும் பெயரில் செய்யப்பட்டது அது. ஐந்து அங்குலச் சக்கரத்தின்மேல் முழங்காலை மடக்கி அமர்ந்தவர் குரங்கு போல் தோன்றியமையால் அப்பெயர் நிலைத்துவிட்டது. 1967-இல் கைப்பிடியை மடக்கிக் காரின் பின்பெட்டியில் வைக்கத்தக்க வடிவில் ஜப்பானியச் சாலைகளுக்கு வந்தது. பின்னர்ச் சக்கரம் எட்டு அங்குலமாயிற்று. முன்புறத்துக்கும், 1974 அளவில் பின்புறத்துக்கும் அதிர்வுதாங்கிகள் வந்தன. அதன் எஞ்சின் 1958-இல் தோன்றிய 'சூப்பர் கப்' வண்டியின் வழிவந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர் பலரின் முதல் மோட்டார் வண்டி அந்தக் 'கப்'தான். 'கப்சாய்' என்றால் இன்றும் மலேசியத் தமிழர் வீட்டுப் பாட்டிக்கும் விளங்கும். ஆகவே இக்குரங்கு வண்டி எங்கோ பிறந்த அயல்நாட்டு வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்கத்தக்கதன்று. அதன் நெஞ்சில் துடிப்பது தோட்டத்துத் தமிழன் அறிந்த எஞ்சின்.

இனி, அதனைப் புதுப்பிப்பவன் என்ன செய்கிறான் என்று அருகில் சென்று நோக்குவோர் அவன் அறிவைக் குறைத்து மதிப்பிட மாட்டார். அவன் முதலில் எடுப்பது தாளும் பென்சிலும். எந்தக் கம்பி எங்கே செல்கிறது, எந்தத் திருகாணி எந்தத் துளையினது என்று வரைந்துகொள்ளாமல் கழற்றத் தொடங்கியவன் மூன்றாம் நாள் அழுவான். பழைய ஜப்பானிய வண்டியின் திருகாணித் தலையிலுள்ள கூட்டல் குறி, கடையில் கிடைக்கும் ஏனைய திருப்புளிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும். ஆழமும் வளைவும் வேறு. பொருந்தாத திருப்புளியால் முறுக்கினால் தலை சிதையும். ஒத்துத் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதை லகர ளகர ழகர வேறுபாட்டின் வாயிலாகக் கற்பிக்க முயன்று சலித்த ஆசிரியர், அந்தத் திருகாணியை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

பிறகு பெட்ரோல் கலத்தின் உட்புறத் துரு. பிறகு கார்பரேட்டர். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, மயிரிழை போன்ற துளைகளை அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும், எரிபொருள் மிகும், புகை கக்கும். ஊறவைத்து, ஊதி, பொறுத்திருந்தே திறக்க வேண்டும். வால்வுக்கும் அதனை அழுத்தும் கைக்கும் நடுவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். தீப்பொறியை எழுப்பும் முனைகளுக்கு நடுவே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை. தாளை விட மெல்லிய எஃகுத் தகட்டை நுழைத்து, அது வழுக்காமலும் சிக்காமலும் இழைந்து வரும் நிலையை விரலால் உணர்ந்து முறுக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னர் பொறி தெறிக்க வேண்டும். முந்தினால் இடிக்கும்; பிந்தினால் வலுவிழக்கும். அதற்கான குறி சக்கரத்தின் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தனையும் சரி செய்து உதைக்கும் முதல் உதையில் வண்டி பெரும்பாலும் கிளம்புவதில்லை. எங்கே பிழை என்று ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக் காண்கிறான்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா. காரணத்தினின்று காரியத்தை அறிவதும் காரியத்தினின்று காரணத்தை உய்த்துணர்வதும் அளவை நூலார் வகுத்த அனுமானம் அன்றோ? அதனை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் கல்வி, கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு செய்தால் வீண்வேலை என்பது என்ன நியாயம்?

தமிழாசிரியர் புறநானூற்றை நடத்துகின்றனர். அதியமானைப் பாடிய ஔவையார் அவனுக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று பலரும் அறிந்தது. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரம் போன்றவன் அவன் என்கிறார். உவமையணி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார் ஆசிரியர். நாளைக்கு எட்டுத் தேர் செய்பவன் ஒரு சக்கரத்தோடு முப்பது நாள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்கும் மாணவன் அரியன். கேட்டால் விடை சொல்லும் ஆசிரியர் அவனினும் அரியர். ஆரக்காலின் நீளத்தை ஒத்துப் பார்த்ததும், குடத்தில் அச்சு தடையின்றிச் சுழலும் வரை இழைத்ததும், வட்டம் பிறழ்கிறதா என்று சுற்றிச் சுற்றிக் கண்டதும் அத்தச்சனின் மாதமாக இருந்திருக்கும். எட்டு அங்குலச் சக்கரத்தை விரலால் சுழற்றிவிட்டு, பிறழ்ச்சி தெரிகிறதா என்று தரையில் குப்புறக் கிடந்து நோக்கும் சிறுவனுக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஔவை மன்னனை ஒப்பிட்டது ஒரு தொழிலாளியின் கைவினைக்கு. அதனைப் பாடமாக நடத்திக்கொண்டே பட்டறையை இழிவாகப் பேசுவது பாட்டுக்குச் செய்யும் இரண்டகம்.

ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சொல்லாத மேடையும் இல்லை. 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடராது விட்டவர் அவர். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அலுவலர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்தார். அவ்வகை வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது அதனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டதே. பிரித்ததை மீண்டும் பூட்டினார். 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டியவர், 1937-இல் இந்தியாவில் முதல் மின்மோட்டார் உருவாவதற்குக் காரணமானோருள் ஒருவரானார். 1945-இல் அவர் முயற்சியால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஈராண்டில் கற்கத்தக்கதை நான்காண்டுக்கு இழுப்பது வீண் என்று வாதிட்டு, அது ஏற்கப்படாமையால் விலகினார். மாணவர் கட்டுரைகளில் இவரை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் உண்டு. இவரைப் போன்ற சிறுவன் ஒருவன் நகக்கண்ணில் கறுப்போடு வகுப்புக்கு வந்தால் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்புவதும் உண்டு.

மறுப்போரின் மெய்யான தடைக்கு வருவோம். "சிறு வண்டியில் தொடங்குபவன் சாலைப் பந்தயத்தில் முடிவான்" என்கின்றனர். இவ்வச்சம் பொய்யன்று. புதுப்பித்தல் ஒன்று, மேம்படுத்துதல் என்ற பெயரில் நடப்பது வேறொன்று. மங்கியின் சிலிண்டர் விட்டம் 39 மில்லிமீட்டர், பிஸ்டன் சென்று மீளும் தொலைவு 41.4 மில்லிமீட்டர், கொள்ளளவு 49 கன சென்டிமீட்டர். விட்டத்தை 52 மில்லிமீட்டராக்கும் மாற்றுச் சிலிண்டர் விற்பனைக்கு உண்டு. அதனைப் பூட்டினால் கொள்ளளவு 88-ஐத் தொடும். பூட்டியவுடன் சிறுவன் மகிழ்கிறான், வண்டி பறக்கிறது. ஆனால் அதே எட்டு அங்குலச் சக்கரம், அதே சிறு டிரம் பிரேக், அதே மெல்லிய சட்டம். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடியதை 80-இல் ஓட்டினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேலாகிறது. வேகத்தின் இருமடிக்கேற்ப அது வளர்வதை இயற்பியல் ஆசிரியர் எழுதிக் காட்டுவார்.

ஈண்டு, வண்டியைச் செய்தவரே செய்து காட்டிய வழி ஒன்று உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் 2017-இல் பழைய மங்கியின் உற்பத்தி நின்றது. மறு ஆண்டு அது 125 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு மீண்டு வந்தது. அப்போது சக்கரம் 12 அங்குலமாயிற்று; முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் வந்தது. எஞ்சினை வளர்த்தவர் ஏனையவற்றையும் உடன் வளர்த்தார். எஞ்சினை மட்டும் வளர்ப்பது, கால் வளராத பிள்ளைக்கு வயிற்றை மட்டும் வளர்ப்பது போன்றது. பழைய ஆறு வோல்ட் மின்சுற்றைப் பன்னிரண்டாக்கி விளக்கை ஒளிபெறச் செய்வதும், தேய்ந்த பிரேக்கை மாற்றுவதும், வெடித்த டயரைக் களைவதும் மேம்பாடு என்னும் பெயருக்கு உரியன. ஒலியடக்கியைத் துளைத்து அடுக்குமாடி முழுவதையும் நள்ளிரவில் எழுப்புவது எந்த அகராதியிலும் மேம்பாடு ஆகாது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது குற்றமும் ஆகும். எஞ்சினை மாற்றுவதற்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இசைவு வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து, உரிமம் பெறாமல் எவனும் சாலையில் ஏறலாகாது. இவ்வேறுபாட்டையெல்லாம் மாணவனுக்கு யார் சொல்வது? பட்டறைப் பக்கமே தலைவைக்காத ஆசிரியரா? பெரியவர் ஒதுங்கிக்கொண்ட இடத்தில்தான் பந்தயக்காரன் ஆசிரியனாகிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பர். குரங்கைப் பிடித்தவன் கையில் பிள்ளையார் பிறக்கவும் கூடும். அருகில் ஒருவர் அமர வேண்டும்.

"பழையதைச் செப்பனிடுவதற்குச் செய்யும் செலவில் புதியது வாங்கலாமே" என்போரும் உளர். கணக்கில் சில வேளை அவர் கூற்று சரி. ஆயினும் சிங்கப்பூரில் வண்டியின் வயது அதன் உடலைப் பொறுத்ததன்று. 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி ஒரு வண்டி பத்தாண்டுக்கே சாலைக்கு உரியது. நீட்டிக்க மீண்டும் பணம் கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழின் விலை 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலையை அதன் தாள் விழுங்கிவிட்டது. சிறு தீவு, குறுகிய சாலை, இந்த முறைக்குக் காரணம் இருக்கிறது. எனினும் ஒரு தலைமுறைக்கு மேலாக அதனோடு வாழ்ந்த மக்களின் மனத்தில் ஒரு தீங்கு புகுந்துவிட்டது: பத்தாண்டு ஆனது செத்தது என்னும் எண்ணம். எஞ்சின் நலமாயிருக்கும், தாள் இறந்திருக்கும். லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் கழற்றிய கார்பரேட்டரையும் துருவேறிய திருகியையும் ஒரு காலத்தில் பேரம் பேசி வாங்கலாம். 2017 ஜூலை 10-ஆம் நாளோடு அச்சந்தையும் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 வண்டிகள், வேப்பமரத்தடிப் பட்டறைகளின் தயவால் நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்து பல்லாண்டு ஓடியதை எண்ணிப் பார்ப்போருக்கு இழப்பின் அளவு தெரியும். மரத்தடி இல்லாத நகரில் மேசையாவது வேண்டும். 2014 முதல் 'ரிப்பேர் கோப்பிக்கடை' என்னும் தன்னார்வ முயற்சி, பழுதான வீட்டுச் சாமான்களை அக்கம்பக்கத்தார் தாமே செப்பனிடக் கற்பித்து வந்துள்ளது. அத்தகைய மேசையில் எத்துணைத் தமிழ் ஒலிக்கிறது என்று கேட்பதற்கு உரிமையுடையவர் தமிழாசிரியரே.

ஏனெனில் இறுதியில் இது மொழியின் வழக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், பத்தாண்டுக்கு முன்னர் அது 3-க்கு மேல் இருந்தது. மேடைத்தமிழால் இச்சரிவு நிற்காது. மொழி வேலையில் புழங்க வேண்டும். 'மரை கழன்றவன்' என்று ஏசத் தெரிந்த மாணவனுக்கு மரை என்றால் என்னவென்று தெரியாது. போல்ட்டின் மரை தேய்ந்து நட்டு வெறுமனே சுற்றுவதை ஒருமுறை கண்டவன் அச்சொல்லை மறக்கமாட்டான். 'அச்சாணி' அவனுக்கு உவமை, 'அரம்' பழமொழி, 'துருத்தி' தேர்வுக்குரிய அருஞ்சொல். கார்பரேட்டருக்கும் பிஸ்டனுக்கும் தனித்தமிழ்ப் பெயர் ஆக்கும் பணியை அறிஞர் செய்யட்டும், நன்று. ஆனால் பெயர்ச்சொல்லுக்காகப் போராடுவோர் வினைச்சொல்லைக் கைவிட்டனர். கழற்று, தளர்த்து, முறுக்கு, நெம்பு, அராவு, இழை, தட்டி நிமிர்த்து, பொருத்து, பூட்டு, ஊது, துடை: இத்தனை வினையும் தமிழன் வாயில் இருந்தவை. 'பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் முறுக்கு' என்பதில் ஒரு சொல் ஆங்கிலம், நான்கு தமிழ். பட்டறையை விட்டு மொழியை விரட்டியபின் எஞ்சுவது அந்த ஒரு சொல்லாகவே இருக்கும். 'எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு' என்று எழுதச் சொன்னால் வகுப்பே தோட்டக்கலையும் அஞ்சல்தலையும் எழுதுகிறது. செடி வைக்காதவனும் எழுதுகிறான். உண்மையில் இராத்திரி பதினொரு மணிவரை என்ன செய்தான் என்பதைத் தமிழில் எழுத அவனுக்கு இடமும் இல்லை, சொல்லும் இல்லை.

1969 முதல் கீழ்நிலை உயர்நிலை வகுப்பு ஆண் மாணவர் அனைவரும் தொழில்நுட்பப் பாடம் கற்க வேண்டும் என்று அரசு வகுத்த காலம் ஒன்று இருந்தது. உலோகத்தை அராவிய தலைமுறை அது. இன்று அவ்வளவு கேட்க வேண்டியதில்லை. 2003 ஜூலை முதல் நாளுக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், 2028 ஜூன் 30-க்குப்பின் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடலாகாது என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. நஞ்சுப்புகையைக் குறைக்க எடுத்த முடிவு. நுரையீரல் உள்ளவர் எவரும் அதனை எதிர்க்க முடியாது. சாலைக்கு ஆகாதது மேசைக்கும் ஆகாது என்று அவ்வறிவிப்பு சொல்லவில்லை. பதிவு நீங்கிய வண்டியை அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே ஒரு வண்டியை, எண்ணெயும் பெட்ரோலும் வடித்துப் பள்ளிப் பட்டறையில் பாடப்பொருளாக வைத்துக்கொள்ள இசைவு வேண்டி ஆணையத்துக்கு எழுத வேண்டியிருக்கும். அலுவலகக் கடிதம் எழுதுவது எப்படி என்று ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியருக்கு அது கடினமாகாது. கூடவே பொருந்தும் திருப்புளி ஒன்று, இடைவெளி அளக்கும் எஃகுத் தகடுகள், கோடிட்ட குறிப்பேடு ஒன்று. கழற்றியவன் கழற்றியதை அதில் தமிழில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வருபவன் அதனைப் படித்துப் பூட்டட்டும்.